அது கீறல் இல்லை தம்பி: சைடெகோ கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி பென் டிரைவோடு வந்தான். சைடெகோ என்பது அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து ஆட்ட இசை; அதில் பேர்போன அக்கார்டியன்காரர் கிளிஃப்டன் ஷெனியேவின் ‘போகலுசா பூகி’ எல்.பி. இசைத்தட்டைக் கணினியில் ஏற்றியிருந்தான். “அண்ணே, முழுக்கக் கொரகொரன்னு இரைச்சல். சாஃப்ட்வேர்ல போட்டு எடுத்துட்டேன், கேளுங்க” என்றான். கேட்டேன். அக்கார்டியன் இருந்தது, சாக்ஸபோன் இருந்தது, டிரம்ஸ் இருந்தது. கிளிஃப்டனின் அண்ணன் கிளீவ்லண்ட் ரப்போர்டோடு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஏதோ உஸ்ஸென்று மங்கலாகக் கேட்டது. வாசிக்கிற ஆளையே துடைத்து வைத்திருந்தான்.

திட்ட வாய் வரவில்லை. நான் செய்யாததா?

ரப்போர்டை இரைச்சல் என்று நினைப்பது

இந்த ஒரு தவறால் நான் இழந்த காசை நினைத்தால் இன்றும் எரிச்சல் வரும். முதன்முதலில் ஒரு பழைய பிரதி வாங்கினேன். ஊசியை வைத்ததும் சரக் சரக்கென்று ஒரு சத்தம். தட்டைக் கழுவினேன், போகவில்லை. ஊசி தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, 4,500 ரூபாய்க்குப் புதிய ஸ்டைலஸ் வாங்கினேன். நன்றாக இருந்த பழையதைத் தூக்கியும் எறிந்தேன். அப்போதும் அதே சரக் சரக். கோபத்தில் விற்றவருக்குக் கடிதம் எழுதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பொறுமையான மனிதர். “ஐயா, அது வாத்தியம்” என்று ஒரே வரியில் பதில் போட்டார்.

அதுதான் ரப்போர்டு, தேய்த்து வாசிக்கும் தாள வாத்தியம். லூசியானாவில் அதை ஃப்ரொத்துவார் என்பார்கள். முதலில் துணி துவைக்கும் பலகையைத்தான் தேய்த்து வாசித்தார்கள். 1946-இல் டெக்சாஸின் போர்ட் ஆர்தரில் கிளிஃப்டன் மண்ணில் ஒரு படம் வரைந்து காட்ட, வில்லி லாண்ட்ரி என்ற உலோக வேலைக்காரர் அதைத் தகட்டில் செய்து கொடுத்தார். தோளில் மாட்டிக்கொள்ள வளைவு, மார்பு முழுக்க வரிவரியாக மேடுபள்ளம். பார்க்கக் கவசம் மாதிரி இருக்கும். கிளீவ்லண்ட் இரண்டு கையிலும் பாட்டில் திறப்பான்களைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் இழுப்பார், தட்டுவார், சுரண்டுவார்.

இரும்பு இரும்பில் உரசுகிற சத்தத்துக்குச் சுருதி கிடையாது, உச்ச ஸ்தாயியில் சிதறும். எல்.பி.யின் தூசியும் கீறலும் ஒலிப்பது கிட்டத்தட்ட அதே இடத்தில். காதே ஏமாறும்போது, திடீரென்று வெடிக்கும் ஒலியையெல்லாம் அழிக்கத் தெரிந்த சாஃப்ட்வேர் என்ன செய்யும்?

பிரித்தறிய ஒரு கணக்கு உண்டு. எல்.பி. சுழல்வது நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. கீறல் என்றால், பாட்டு எந்த வேகத்தில் போனாலும் 1.8 விநாடிக்கு ஒருமுறை டிக் என்று வந்து நிற்கும். ரப்போர்டு டிரம்ஸோடு சேர்ந்து நடக்கும். பாட்டு வால்ட்ஸுக்கு மாறினால் அதுவும் மூன்று மூன்றாக எண்ணும். இன்னும் சந்தேகமா? இரண்டு பாட்டுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கேளுங்கள். தூசி அங்கேயும் பொரியும். கிளீவ்லண்ட் அங்கே வாசிப்பதில்லை.

ஒரு பாட்டை எடுத்து, அக்கார்டியனை விட்டுவிட்டு ரப்போர்டை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். கிளிஃப்டன் பாடும்போது அடங்கி ஓடும் கை, அவர் பாடி முடித்ததும் இரட்டிப்பதைப் பிடித்துவிட்டால், பிறகு அதைத் துடைக்க மனசு வராது.

அக்கார்டியன் ‘அலைகிறது’ என்று வேகத்தைத் திருத்துவது

தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளைக் குறை சொல்லாதீர்கள். அக்கார்டியனில் ஒரு கட்டையை அழுத்தினால் இரண்டு மூன்று ரீடு (காற்றில் அதிரும் உலோக நாக்கு) சேர்ந்து ஒலிக்கலாம். அவற்றை வேண்டுமென்றே மயிரிழை வித்தியாசத்தில் சுருதி சேர்த்திருந்தால் ஒலி நடுங்கும். ஆர்மோனியத்தில் ரீடு மாற்றிப் பழகியவர்களுக்கு இது புரியும், இரண்டும் ஒரே குடும்பம்தான். சாக்ஸபோன் நீட்டிப் பிடிக்கும் சுரத்தைக் கவனியுங்கள். அதுவும் அலைந்தால் மட்டும் மோட்டாரைப் பாருங்கள்.

சைடெகோவைக் கேஜன் என்று சொல்வது

அடிக்கடி கேட்டுச் சலித்துவிட்டது. கேஜன் இசை, 1755 முதல் கனடாவிலிருந்து பிரிட்டிஷார் விரட்டிய பிரெஞ்சு மக்களின் வழிவந்தவர்களுடையது. அங்கே வயலின் முன்னால் நிற்கும். சைடெகோ தென்மேற்கு லூசியானாவில் பிரெஞ்சு பேசி வந்த கறுப்பினக் கிரியோல் மக்களுடையது. அதில் ப்ளூஸும் ரிதம் அண்ட் ப்ளூஸும் கலந்தவர்களில் முதல் பெயர் ஓப்பலூசாஸில் 1925-இல் பிறந்த கிளிஃப்டன். வேர்கள் பின்னிக் கிடப்பதும் உண்மைதான். 1929-இல் ஆமெடே ஆர்துவான் என்ற கிரியோல் அக்கார்டியன்காரரும் டென்னிஸ் மெகீ என்ற வெள்ளையின வயலின்காரரும் சேர்ந்தே இசைத்தட்டுக்கு வாசித்தார்கள். அதற்காக இரண்டுக்கும் ஒரே பெயரா?

பாட்டுக்குள் தத்துவம் தேடுவது

சைடெகோ என்ற பெயரே பீன்ஸைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அந்தச் சொல் வரும் பாட்டு வரிக்கே ‘பீன்ஸில் உப்பில்லை’ என்றுதான் அர்த்தம். விடுங்கள்.

ஃபோன் ஸ்பீக்கர்

வேண்டாம். பேஸ் போய்விடும், தகரம்தான் மிஞ்சும்.

கண்ணை மூடிக் கச்சேரி போலக் கேட்பது

இது ஆடுவதற்கான இசை. எழுந்திருங்கள்.

மூலப் பதிவை அழிப்பது

தம்பி ‘சுத்தம்’ செய்த கையோடு முதல் பதிவை டெலீட் பண்ணிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை எல்.பி.யை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். புது ஸ்டைலஸ் வாங்கட்டுமா என்று கேட்டான்.