ரிலையபிலிட்டி இன்ஜினியர் சான்றிதழ்: எதை எடுப்பது, எப்படித் தயாராவது

ரிலையபிலிட்டி என்றால் ஒரு பொருளோ இயந்திரமோ பழுதாகாமல் ஓடுகிற நம்பகத்தன்மை. அதற்கான சான்றிதழ் வாங்கலாம் என்று இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தப் புத்தகம் படிக்கலாம்?" என்றுதான். அதற்கு முன் எந்தச் சான்றிதழ் என்பதை முடிவு செய்யுங்கள். பரவலாக மதிப்புள்ளவை இரண்டு. ஒன்று அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்க்யூ (ASQ) தருகிற சிஆர்இ (CRE, Certified Reliability Engineer). இன்னொன்று மெயின்டனன்ஸ், ரிலையபிலிட்டி துறையினரின் எஸ்எம்ஆர்பி (SMRP) அமைப்பு தருகிற சிஎம்ஆர்பி (CMRP). பெயரில் இரண்டுமே ரிலையபிலிட்டி என்றாலும் உள்ளே இருக்கிற சரக்கு வேறு வேறு. நீங்கள் ஒரு பொருளை வடிவமைக்கிற, சோதிக்கிற, வாரண்டி டேட்டாவை அலசுகிற இடத்தில் இருந்தால் சிஆர்இ. ஓடிக்கொண்டிருக்கிற பிளான்ட்டில் பம்ப், மோட்டார், கம்ப்ரசர் என்று மெயின்டனன்ஸ் பக்கம் இருந்தால் சிஎம்ஆர்பி. சிஎம்ஆர்பியில் 110 கேள்விகள், இரண்டரை மணி நேரம், முன் அனுபவம் இவ்வளவு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வணிகமும் நிர்வாகமும், உற்பத்தி முறையின் நம்பகத்தன்மை, இயந்திரங்களின் நம்பகத்தன்மை, தலைமைப் பண்பு, வேலைத் திட்டமிடல் என்று ஐந்து பகுதிகளிலிருந்து கேட்பார்கள். கணக்கு அதிகம் வராது. பிளான்ட்டில் நல்ல அனுபவம் உள்ளவர் ஒழுங்காகப் படித்தால் தேறிவிடலாம்.

சிஆர்இ அப்படி இல்லை. இனி சொல்வதெல்லாம் பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

முதலில் தகுதி. எட்டு வருட அனுபவம் வேண்டும், அதில் குறைந்தது மூன்று வருடம் முடிவெடுக்கிற பொறுப்பில் இருந்திருக்க வேண்டும். இளநிலைப் பட்டம் இருந்தால் எட்டில் நான்கு வருடமும், முதுநிலைப் பட்டமோ முனைவர் பட்டமோ இருந்தால் ஐந்து வருடமும் கழித்துக்கொள்வார்கள், ஆனால் ஏதாவது ஒன்றைத்தான் கணக்கில் காட்ட முடியும். 'முடிவெடுக்கிற பொறுப்பு' என்றதும் மேனேஜர் பதவி வேண்டுமோ என்று நினைத்துப் பலர் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். தேவையில்லை. ஒரு திட்டத்தையோ செயல்முறையையோ வகுத்து, நடத்தி, அதன் விளைவுக்கு நீங்கள் பொறுப்பாக இருந்திருந்தால் போதும், உங்களுக்குக் கீழே ஆள் இருக்க வேண்டும் என்பது இல்லை. விண்ணப்பத்தில் பதவிப் பெயரை மட்டும் எழுதி விடாதீர்கள், எந்தச் சோதனையைத் திட்டமிட்டீர்கள், எந்தப் பழுதுக்குக் காரணம் கண்டுபிடித்து எதை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள்.

அப்புறம் பாடத்திட்டம். ஏஎஸ்க்யூ தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எல்லோரும் தலைப்புகளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள், ஆனால் ஒவ்வொரு தலைப்புக்குப் பக்கத்திலும் கேள்வி எவ்வளவு ஆழத்தில் வரும் என்று குறித்திருப்பார்கள்: நினைவில் வைத்தால் போதுமா, புரிந்திருக்க வேண்டுமா, கணக்கில் பயன்படுத்த வேண்டுமா, அலசிப் பார்த்து மதிப்பிட வேண்டுமா என்று. இதைப் பார்த்து நேரத்தைப் பிரித்துக்கொண்டால் பாதி அலைச்சல் குறையும்.

இனி புள்ளியியல். மற்றதை எல்லாம் வேலையில் பார்த்த அனுபவத்தை வைத்துக் கொஞ்சமாவது சமாளிக்கலாம், இங்கே முடியாது. முதலில் எம்டிபிஎஃப் (MTBF), அதாவது இரண்டு பழுதுகளுக்கு இடையே ஓடுகிற சராசரி நேரம் என்பதை உண்மையாகவே புரிந்துகொள்ளுங்கள். எம்டிபிஎஃப் 1,000 மணி நேரம் என்றால் எல்லாப் பொருளும் 1,000 மணி நேரம் ஓடும் என்று அர்த்தம் இல்லை. பழுது வீதம் மாறாமல் இருந்தால், 1,000 மணி நேரத்தில் பழுதாகாமல் ஓடிக்கொண்டிருப்பது சுமார் 37 சதவீதம்தான். இது மனதில் பதிந்துவிட்டால் பாதிக் கேள்விகளின் பொறி கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது நம்பிக்கை எல்லை, அதாவது உண்மையான மதிப்பு இதற்குக் கீழே போகாது என்று குறித்த அளவு உறுதியோடு சொல்லக்கூடிய எண். ஒரு சோதனையில் எல்லா மாதிரிகளும் சேர்ந்து மொத்தம் 5,000 மணி நேரம் ஓடி இரண்டு பழுது வந்தது என்று வைத்துக்கொள்வோம். எம்டிபிஎஃப் 2,500 என்று போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் 90 சதவீத நம்பிக்கையோடு "குறைந்தது இவ்வளவு" என்று சொல்லச் சொன்னால் கை-ஸ்கொயர் (chi-square) என்ற புள்ளியியல் அட்டவணைக்குப் போக வேண்டும். நேரம் முடிந்ததும் நிறுத்திய சோதனை என்றால் விடை சுமார் 939 மணி நேரம். இரண்டாவது பழுது வந்ததும் நிறுத்திய சோதனை என்றால் சுமார் 1,285. டேட்டா ஒன்றுதான், நிறுத்திய விதம் மட்டும் வேறு. அட்டவணையில் எந்த வரிசையைப் பார்ப்பது என்பதற்கு முதலாவதில் பழுது எண்ணிக்கையின் இரு மடங்கோடு இரண்டைக் கூட்டுகிறோம், இரண்டாவதில் கூட்டுவதில்லை, வித்தியாசம் அங்கேதான். தேர்வில் நான்கு விடைகளில் இந்த இரண்டு எண்ணும் இருக்க வாய்ப்பு அதிகம், அதனால் கேள்வியில் சோதனை எப்படி நின்றது என்பதை முதலில் தேடுங்கள்.

பழுதே வராத சோதனையும் இப்படித்தான். 90 சதவீத நம்பகத்தன்மையை 90 சதவீத நம்பிக்கையோடு காட்ட ஒரு பழுதும் இல்லாமல் 22 மாதிரிகள் தேற வேண்டும், நம்பிக்கையை 95 ஆக உயர்த்தினால் 29. இந்த இரண்டையும் லாகரிதம் போட்டு நீங்களே ஒருமுறை வரவழைத்துப் பாருங்கள், ஃபார்முலா அதற்கப்புறம் மறக்காது.

பழுது டேட்டாவை வைத்து ஆயுளை அலசுகிற வெய்புல் (Weibull) பகுதிக்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள். ஸ்வீடனின் வாலோடி வெய்புல் 1951-இல் எழுதிய கட்டுரையால் பரவிய முறை இது, இன்றைக்கும் இந்தத் துறைக்கு இதுதான் அடித்தளம். பழுது எந்த விதமானது என்று காட்டுகிற எண்தான் இதில் பீட்டா: அது 1-க்குக் கீழே என்றால் ஆரம்பகாலப் பழுது, 1 என்றால் எப்போது வேண்டுமானாலும் வருகிற பழுது, 1-க்கு மேலே என்றால் தேய்மானம். இதைப் பாராயணம் செய்வது எளிது. உங்கள் வேலையிடத்தில் இருக்கிற ஒரு பேரிங்கின் பழுது டேட்டாவை எடுத்துக் கையாலேயே வரைந்து பாருங்கள். பீட்டா 0.7 என்று வந்தால், குறித்த காலத்தில் மாற்றுவது உதவாது என்பதும், பொருத்துகிற விதத்தையோ வந்த பொருளின் தரத்தையோதான் முதலில் பார்க்க வேண்டும் என்பதும் அப்போதுதான் உறைக்கும். இன்னும் பழுதாகாமல் ஓடிக்கொண்டிருக்கிறவற்றையும் கணக்கில் சேருங்கள். பத்தில் நான்கு பழுதானது, அந்த நான்கின் சராசரிதான் ஆயுள் என்று சொன்னால் நல்ல பொருளைக் கெட்டது என்று முடிவு கட்டிவிடுவோம்.

எஃப்எம்இஏ (எது எப்படிப் பழுதாகும், அதன் விளைவு என்ன என்று பட்டியலிடுவது), ஃபால்ட் ட்ரீ (ஒரு பழுதின் காரணங்களைக் கிளைகளாக வரைவது), தொடர் இணைப்பு, இணையான இணைப்பு இதெல்லாம் பயிற்சி செய்தால் வந்துவிடும். ஒவ்வொன்றும் 95 சதவீதம் நம்பகமான பத்து பாகங்கள் தொடராக இருந்தால் மொத்தம் சுமார் 60 சதவீதம்தான், இதை ஒருமுறை போட்டுப் பார்த்தாலே போதும். வெப்பத்தால் ஆயுளைச் சுருக்கிச் சோதிக்கிற அரீனியஸ் கணக்கில் செல்சியஸைக் கெல்வினாக மாற்ற மறக்காதீர்கள்.

சரி, தேர்வு நாள். கணினியில் 165 கேள்விகள், அதில் 150-க்குத்தான் மதிப்பெண், மீதி 15 எவை என்று சொல்ல மாட்டார்கள். நேரம் 4 மணி 18 நிமிடம், ஒரு கேள்விக்குச் சுமார் ஒன்றரை நிமிடம். 750-க்கு 550 வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், எதையும் காலியாக விடாதீர்கள். புத்தகம் எடுத்துப் போகலாம் என்பதை நம்பிப் படிக்காமல் போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள், ஒன்றரை நிமிடத்தில் புத்தகம் புரட்டி ஒரு பாடத்தைக் கற்க முடியாது. அட்டவணைகளும் ஃபார்முலாக்களும் உள்ள பக்கங்களை ஒட்டுச்சீட்டு வைத்துக் குறித்துவையுங்கள், தேர்வுக்குக் கொண்டுபோகப் போகிற அதே கால்குலேட்டரிலேயே பல வாரம் பழகுங்கள். புரோகிராம் செய்யக்கூடிய கால்குலேட்டரையும் மாதிரிக் கேள்வித் தொகுப்பையும் உள்ளே விட மாட்டார்கள். முதல் சுற்றில் படித்ததும் விடை தெரிகிறவற்றை மட்டும் முடியுங்கள், நீளமான கணக்குகளைக் குறித்துவைத்துவிட்டு இரண்டாவது சுற்றில் வாருங்கள்.

தேறிய பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சிஆர்இக்கு 18 புள்ளிகள், இல்லையென்றால் மறுபடி தேர்வு. நீங்கள் போகிற பயிற்சி, எடுக்கிற வகுப்பு, வேலையில் இருக்கிற காலம் எல்லாமே புள்ளியாகும், அதனால் சான்றிதழ் கைக்கு வந்த வாரமே ஒரு கோப்பு திறந்து ஆதாரங்களைப் போட்டு வையுங்கள், மூன்றாவது வருடக் கடைசியில் பழைய மின்னஞ்சல்களைக் கிளறிக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.