முடிவைத் தெரிந்துகொண்டே படியுங்கள்

கிரேக்கத் துன்பியல் நாடகம் பாடமாக வந்தால், முதலில் கதைச் சுருக்கத்தைப் படித்துவிடுங்கள். சுவாரசியம் போய்விடாது. அன்று ஏதென்ஸில் நாடகம் பார்த்தவர்களுக்கும், தெரியாமலே தந்தையைக் கொன்று தாயை மணந்த மன்னன் ஈடிபஸின் கதை முன்பே தெரியும். அப்புறம் பென்சிலோடு உட்கார்ந்து, பேசுகிறவருக்கே தெரியாத பொருள் ஒளிந்திருக்கும் வரிகளைக் கோடிடுங்கள். பழைய மன்னனைக் கொன்றவன் நாசமாய்ப் போகட்டும் என்று ஈடிபஸ் சபிக்கிறானே, கொன்றவன் அவனேதான்! அவன் மனைவியும் தாயுமான யொகாஸ்டாவுக்கு உண்மை அவனுக்கு முன்பே புரிந்துவிடுகிறது; அவள் பேச்சு எந்த வரியில் மாறுகிறது என்று பாருங்கள். ஒரு நல்ல கட்டுரைக்கு அந்த இடமே போதும். கோரஸ் (மேடையில் சேர்ந்து பாடும் குழு) பாடல்களைத் தாண்டிப் போகாமல் வாய்விட்டுப் படியுங்கள்.

டிராய்ப் போரைப் பாடும் கிரேக்கக் காவியமான இலியட் என்றால், அதன் 24 பகுதிகளில் டிராயை வீழ்த்திய மரக்குதிரையைத் தேடாதீர்கள். டிராய் வீரன் ஹெக்டரின் இறுதிச் சடங்கோடு காவியம் முடிந்துவிடும்.