காளான் சடங்குக்குத் தயாராகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சைலோசைபின் என்ற மனநிலையை மாற்றும் பொருள் உள்ள காளானை ஒரு வழிகாட்டியின் மேற்பார்வையில் எடுக்கும் சடங்குக்கு நாள் குறித்தாகிவிட்டது என்றால் பலரும் உடனே மனசைத் தயார் செய்ய இறங்கிவிடுகிறார்கள். தியானம் பழகுகிறார்கள், நாட்குறிப்பு எழுதுகிறார்கள், அசைவத்தை நிறுத்திப் பார்க்கிறார்கள், அன்றைக்குக் கேட்கப் பாட்டுகூடத் தேடி வைக்கிறார்கள். எதிலும் தப்பில்லை. ஆனால் தினமும் காலையில் போடும் மாத்திரையின் பெயரை மட்டும் வழிகாட்டியிடம் சொல்வதில்லை. சிலருக்கு அது முக்கியமென்றே தோன்றுவதில்லை. சிலர், சொன்னால் சேர்த்துக்கொள்ள மாட்டார்களோ என்று தெரிந்தே மறைக்கிறார்கள். சைலோசைபின் காளான் சடங்கில் உண்மையாகவே கவலைப்பட வேண்டிய ஆபத்துகள் பலவும், காளானை வாயில் போடுவதற்கு வெகு முன்பே, இப்படிச் சொல்லாமல் விட்டதிலும் கேட்காமல் விட்டதிலும்தான் தொடங்குகின்றன.

மாத்திரை விஷயம்

சைலோசைபின் உடம்புக்குள் போனதும் சைலோசினாக மாறுகிறது. அது மூளையில் செரோடோனின் என்ற, மனநிலையோடு தொடர்புள்ள வேதிப்பொருளுக்கு உரிய ஏற்பிகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் மருந்துகளில் பலவும் இதே செரோடோனினைச் சுற்றித்தான் வேலை செய்கின்றன. இரண்டும் ஒரே உடம்பில் சந்தித்தால் என்ன ஆகும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். அதனால் 'டிப்ரஷன் மாத்திரை சாப்பிடுகிறேன்' என்று பொதுவாகச் சொன்னால் போதாது. பெயர், அளவு, கடைசியாகச் சாப்பிட்ட தேதி மூன்றும் வேண்டும்.

இதில் லித்தியம் தனி ரகம். அளவுக்கு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறுக்கு இதைக் கொடுப்பார்கள். லித்தியம் சாப்பிட்டுக்கொண்டே சைலோசைபினோ அதே மாதிரி போதை தரும் எல்எஸ்டியோ எடுத்தவர்கள் இணையத்தில் எழுதியிருந்த 62 அனுபவங்களை ஆய்வாளர்கள் 2021-இல் அலசியபோது, அவற்றில் ஏறக்குறைய பாதியில் வலிப்பு வந்திருந்தது. இணையத்தில் எழுதுபவர்கள் பெரும்பாலும் மோசமாகப் போனதைத்தான் எழுதுவார்கள், அதைக் கழித்துக்கொண்டு பார்த்தாலும் இது விளையாட்டில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் முந்தைய 30 நாட்களுக்குள் லித்தியம் எடுத்தவரை சைலோசைபின் அமர்வுக்கே அனுமதிப்பதில்லை.

மனச்சோர்வுக்குப் பரவலாகக் கொடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகளின் கதை வேறு. இவை பெரும்பாலும் காளானின் வேகத்தை மழுங்கடிக்கும். 'எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே' என்று இன்னொரு பங்கு கேட்க வைப்பது சில நேரம் இதுதான். இதைப் படித்துத் தெரிந்துகொண்ட சிலர் அடுத்த தவறுக்குப் போகிறார்கள்: சடங்குக்கு ஒரு வாரம் முன்பு தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். பல ஆண்டுகள் சாப்பிட்ட மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, மண்டைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வு எல்லாம் வரும். அதைவிட மோசம், அடங்கியிருந்த மனச்சோர்வு திரும்பி வருவது. அந்த நிலையில் காளான் எடுப்பதை எந்த மருத்துவரும் சரி என்று சொல்ல மாட்டார். ஃப்ளுவோக்ஸெடின் என்ற எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரை நிறுத்திய பிறகும் பல வாரம் உடம்பில் தங்கும், ஆகவே ஒரு வாரக் கணக்கு அங்கே செல்லவும் செல்லாது. மருந்தைக் குறைப்பதோ நிறுத்துவதோ எழுதிக் கொடுத்த மருத்துவரோடு சேர்ந்து, வாரக்கணக்கில், மெதுவாக நடக்க வேண்டிய வேலை. அவர் வேண்டாம் என்றால் சடங்கைத்தான் தள்ளிப்போட வேண்டும்.

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் இன்னொரு வகையான எம்ஏஓ தடுப்பான் மருந்துகள் சைலோசின் சிதைவதைத் தடுத்து, அனுபவத்தை இழுத்துக்கொண்டே போகச் செய்யும். அயவாஸ்கா என்ற தென்னமெரிக்க மூலிகைப் போதைப் பானத்தில் இயற்கையாகவே இந்த வகைப் பொருள் இருக்கிறது. 'முதல் நாள் அயவாஸ்கா, மறுநாள் காளான்' என்று விளம்பரம் செய்யும் முகாம்களைப் பார்த்தால் யோசியுங்கள். அதிலும் எஸ்எஸ்ஆர்ஐ சாப்பிடுபவருக்கு அயவாஸ்கா உயிருக்கே ஆபத்தாகலாம். டிராமடால் என்ற வலி மாத்திரையையும் பட்டியலில் எழுதுங்கள். அது தானாகவே வலிப்பைத் தூண்டக்கூடியது. மூலிகை மாத்திரைதானே என்று செயின்ட் ஜான்ஸ் வொர்ட்டை விட்டுவிடாதீர்கள், அதுவும் செரோடோனினைத் தொடும்.

குடும்பத்தில் யாருக்காவது...

இந்தக் கேள்வி விண்ணப்பத்தில் வரும்போதுதான் நிறைய பேர் பேனாவை ஒரு நொடி நிறுத்துவார்கள். சித்தப்பாவுக்கு இருபது வயதில் ஏதோ ஆனது, வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, பேரும் வைத்ததில்லை. 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் ஸ்கிசோஃப்ரினியா, மனப்பிறழ்வு, இருமுனைக் கோளாறு நெருங்கிய ரத்த உறவில் இருந்தால் மருத்துவ ஆய்வுகளில் பெரும்பாலும் சேர்ப்பதே இல்லை. வெளியே தெரியாமல் இருக்கும் நோயைக் காளான் தட்டி எழுப்பிவிடலாம் என்ற பயம்தான் காரணம். போகிறதற்கு முன் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் உட்கார்ந்து, சித்தப்பாவுக்கு என்னதான் ஆச்சு என்று கேட்டுவிடுங்கள். சங்கடமான பேச்சுதான், ஒரு மாத தியானத்தைவிடப் பயனுள்ளது.

இதயமும் அப்படித்தான். காளான் சில மணி நேரத்துக்கு ரத்த அழுத்தத்தையும் நாடித் துடிப்பையும் ஏற்றும். கட்டுப்படாத ரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் ஈசிஜி எடுத்துப் பார்க்காமல் போகக்கூடாது. கர்ப்பமாக இருந்தால் வேண்டவே வேண்டாம்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. சைலோசைபின் ஐநாவின் 1971 உடன்படிக்கையில் மிகக் கடுமையான கட்டுப்பாட்டுக்கு உரிய முதல் பட்டியலில் இருக்கிறது, பெரும்பாலான நாடுகளில் வைத்திருப்பதே குற்றம். அமெரிக்க மாநிலங்களான ஓரிகன் 2020-இலும் கொலராடோ 2022-இலும் வாக்கெடுப்பு நடத்தி உரிமம் பெற்ற மையங்களுக்கு வழி திறந்தன. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், மற்ற மருந்துகளுக்கு அடங்காத மனச்சோர்வுக்கு, அதற்கென அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் மட்டும் கொடுக்கலாம். நெதர்லாந்தில் காளானுக்கு 2008-இல் தடை வந்தது, அதே பொருள் உள்ள, மண்ணுக்கடியில் கட்டியாக வளரும் ட்ரஃபிள் மட்டும் தப்பித்தது. ஜமைக்காவில் தடையே இல்லை. ஆனால் தடை இல்லை என்பதும் கண்காணிப்பு இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. அங்கே உங்களைச் சோதித்துச் சேர்ப்பது, அவசரத்தில் உதவுவது எல்லாம் அந்த முகாமின் நேர்மையைப் பொறுத்தது. மிச்சத்தைப் பையில் போட்டுக்கொண்டு எல்லை தாண்டலாம் என்ற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

வழிகாட்டியிடம் கேட்க வேண்டியவை

'பார்த்தவுடனே ஒரு நல்ல உணர்வு வந்தது' என்பதை வைத்து வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கிறவர்கள்தான் அதிகம். வெள்ளை உடை, மெதுவான குரல், கழுத்தில் மணிமாலை இருந்தால் இந்த உணர்வு எளிதாக வந்துவிடும். நான் கேட்கச் சொல்வது சாதாரணக் கேள்விகள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? அமர்வு முடியும்வரை அறையை விட்டுப் போகாமல் இருப்பீர்களா? பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தூரம், எந்தக் கட்டத்தில் ஆம்புலன்ஸை அழைப்பீர்கள்? நீங்களும் அன்றைக்குக் காளான் எடுப்பீர்களா? இதுவரை யாரையாவது 'உங்களுக்கு இது வேண்டாம்' என்று திருப்பி அனுப்பியிருக்கிறீர்களா? கடைசிக் கேள்விக்கு 'இல்லை, எல்லோருக்கும் இது நல்லதுதான்' என்று பதில் வந்தால் பணத்தை மிச்சம் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

தொடுதலைப் பற்றி முன்கூட்டியே பேசாமல் விடுவது பெரிய தவறு. அந்த ஐந்தாறு மணி நேரத்தில் ஒருவரின் எல்லைகள் கரைந்துவிடும். யாராவது கையைப் பிடித்தால் அம்மாவே பிடித்தது போல இருக்கும், 'வேண்டாம்' என்று சொல்ல வாயே வராது. அதனால் சம்மதத்தை அப்போது கேட்பதில் அர்த்தமில்லை. ஓரிகன் விதியில் இது நறுக்கென்று இருக்கிறது: அணைத்துக்கொள்ளலாம், கை, பாதம், தோள் மீது கை வைக்கலாம், அதுவும் முன்பே எழுத்தில் சம்மதம் கொடுத்திருந்தால் மட்டும். நீங்கள் போகும் இடத்தில் இப்படி ஒரு விதி இல்லாவிட்டாலும் நீங்களே எழுதிக் கொடுக்கலாம். கையைப் பிடிக்கலாம், வேறெங்கும் கூடாது. இதைக் கேட்டு முகம் சுளிக்கும் வழிகாட்டி உங்களுக்கு வேண்டாம்.

காளான் எங்கிருந்து வந்தது என்று கேட்பதும் மரியாதைக் குறைவில்லை. காட்டில் பறித்தது என்று பெருமையாகச் சொன்னால் பயப்படுங்கள். மரத்துண்டுகளில் வளரும் சைலோசைபின் இனங்களின் பக்கத்திலேயே, கிட்டத்தட்ட அதே தோற்றத்தில், கலெரினா மார்ஜினேட்டா என்ற கொல்லும் காளானும் முளைக்கும். அதன் நஞ்சு ஆறு மணி நேரத்துக்கும் மேலே கழித்துத்தான் வேலையைக் காட்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து, நடுவில் சரியானது போல இருந்து, பிறகு கல்லீரல் செயலிழக்கும். சிவப்புத் தொப்பியில் வெள்ளைப் புள்ளி போட்ட அமனிடா மஸ்காரியா வேறு ஒரு காளான், அதில் சைலோசைபினே இல்லை. கடையில் விற்கும் 'காளான் சாக்லேட்' வகைகளையும் நம்ப வேண்டாம். 2024-இல் அமெரிக்காவில் அப்படிப்பட்ட சாக்லேட்டும் மிட்டாயும் தின்று பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். சரியான காளானாகவே இருந்தாலும், இனத்துக்கு இனம், அறுவடைக்கு அறுவடை வீரியம் மாறும். எடைக் கணக்கு மட்டும் சொல்லும் வழிகாட்டியைவிட, ஆய்வகத்தில் சோதித்த அளவைக் காட்டுபவர் மேல்.

அன்றைக்கு

வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போனால் குமட்டல் உறுதி. முழுப் பட்டினியும் தேவையில்லை, சில மணி நேரம் முன்பு லேசாகச் சாப்பிட்டால் போதும். முந்தைய நாளிலிருந்தே மது வேண்டாம். பதற்றம் தணியட்டும் என்று கஞ்சா இழுப்பது எதிர்மாறாகத்தான் முடியும், அது காளானின் வேகத்தையும் குழப்பத்தையும் கூட்டும்.

அப்புறம் அந்த நாற்பதாவது நிமிடம். கண்ணை மூடிப் படுத்திருக்கிறீர்கள், பக்கத்துப் பாயில் யாரோ விசும்புகிறார், உங்களுக்கு மட்டும் லேசான கொட்டாவி. 'எனக்கு ஏறவில்லை, இன்னும் கொஞ்சம் கொடுங்கள்' என்று கேட்டுவிடுவார்கள். பொதுவாக 20 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கும், உச்சத்துக்குப் போக இரண்டு மணி நேரம்கூட ஆகும். தொடக்கத்தில் வரும் அந்தக் கொட்டாவியே அது ஏறுவதற்கான அறிகுறியாக இருக்கலாம். இரண்டாவது பங்கு வயிற்றில் இறங்கும் நேரத்தில்தான் முதல் பங்கு முழுசாக வந்து நிற்கும். இரண்டாவது பங்கு உண்டா இல்லையா என்பதை முன்பே பேசி முடித்துவிட வேண்டும், அந்த நேரத்து மூளையிடம் முடிவை விடக்கூடாது.

பயம் வந்தால் அதை மறைப்பது இன்னொரு தவறு. குழுவில் மற்றவர்கள் அமைதியாக இருக்கிறார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். காளானில் வந்த மிக மோசமான அனுபவத்தைப் பற்றி அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1,993 பேரிடம் கேட்டு 2016-இல் வெளியிட்டார்கள். 39 சதவீதம் பேர் அதை வாழ்நாளிலேயே மிகக் கடினமான ஐந்து அனுபவங்களில் ஒன்று என்றார்கள். 11 சதவீதம் பேர் அந்த நேரத்தில் தங்களையோ மற்றவர்களையோ உடல் ஆபத்தில் தள்ளியிருந்தார்கள். இவை மேற்பார்வையில் நடந்த அமர்வுகளைப் பற்றியவை அல்ல, அதைத்தான் கவனிக்க வேண்டும். பக்கத்தில் தெளிவான தலையோடு ஒருவர் இருப்பதற்காகத்தான் பணம் கொடுத்திருக்கிறீர்கள். 'பயமாக இருக்கிறது' என்ற இரண்டு சொல் போதும். கை தூக்கினால் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும் என்று ஒரு சைகையை முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம்.

எதிர்பார்ப்பும் பெருமையும்

'ஒரு தடவை போதும், பத்து வருஷ மனச்சோர்வு போய்விடும்' என்ற பேச்சு நிறையக் காதில் விழுகிறது. 2022-இல் வெளியான, 233 பேர் பங்கேற்ற மருத்துவ ஆய்வில் 25 மில்லிகிராம் செயற்கை சைலோசைபின் எடுத்தவர்களில் 37 சதவீதம் பேருக்கு மூன்று வாரத்தில் நல்ல மாற்றம் தெரிந்தது. 12 வாரம் வரை அது நிலைத்தது 20 சதவீதம் பேருக்கு. மற்ற மருந்துகளுக்கு அடங்காத நோயாளிகள் என்பதால் அது சின்ன விஷயமில்லை. ஆனால் ஐந்தில் நாலு பேருக்கு நிலைக்கவில்லை என்பதும் அதே எண்தான். இதுதான் கடைசி வழி என்று மனசில் வைத்துக்கொண்டு போகிறவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. சடங்கு பலிக்கவில்லை என்றால் மறுநாள் காலை யாரிடம் பேசுவது என்று அவர்கள் முன்பே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். தற்கொலை எண்ணம் இப்போதே இருந்தால் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவர்.

'பல நூற்றாண்டு மரபு, எனவே பாதுகாப்பானது' என்ற வாதமும் அப்படித்தான். மெக்சிகோவின் வாஹாக்கா மலைகளில் மசடெக் மக்களின் காளான் சடங்கு இரவில், இருட்டில், நோயாளிக்கு என்ன நோய் என்று கண்டறிய நடந்தது. ஹுவாட்லா ஊரில் அந்தச் சடங்கை நடத்திவந்த மரியா சபினா 1955-இல் கார்டன் வாசன் என்ற அமெரிக்க வங்கியாளரைச் சடங்குக்குள் விட்டார். 1957-இல் வாசன் அதைப் பத்திரிகையில் எழுதியதும் வெளியாட்கள் கூட்டமாக வந்து குவிந்தார்கள். மரியாவை ஊரே வெறுத்தது, அவர் வீட்டைக் கொளுத்தினார்கள். அந்த மரபில் சடங்கை நடத்துபவர் நோயாளியின் குடும்பத்தை அறிந்தவர், சடங்குக்குப் பிறகும் அதே ஊரில் இருப்பவர். வார இறுதி முகாமில் அது இல்லை. அதற்கு ஈடாக இருப்பது அந்தச் சலிப்பூட்டும் விண்ணப்பமும் மருத்துவச் சோதனையும்தான்.

முடிந்த பிறகு

அன்றைக்கே வண்டி ஓட்டித் திரும்பலாம் என்று திட்டம் போடாதீர்கள், வந்து கூட்டிப்போக ஆளை முன்பே சொல்லி வையுங்கள். மறுநாள் காலை அலுவலகக் கூட்டம் வைத்துக்கொள்வதும் வேண்டாம். தலைவலியும் அசதியும் பொதுவாக ஓரிரு நாளில் போய்விடும். வேலையை விடுவது, விவாகரத்து, வீட்டை விற்பது போன்ற 'தெளிவுகள்' அங்கே நிறையப் பிறக்கும். சில வாரம் கழித்தும் அதே தெளிவு இருந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். நிறுத்திய மாத்திரையை மறுபடி எப்போது தொடங்குவது என்பது மருத்துவரிடம் முன்பே கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டிய தேதி. மூன்று நாளுக்கு மேல் தூக்கமே வரவில்லை, யாரோ பார்ப்பது போலவோ பேசுவது போலவோ இருக்கிறது, அளவுக்கு மீறிய உற்சாகம் இறங்கவே மாட்டேன் என்கிறது என்றால் வழிகாட்டி 'இது மருந்து இன்னும் வேலை செய்வது' என்று சொன்னாலும் கேட்காதீர்கள். மனநல மருத்துவரிடம் போய், என்ன எடுத்தீர்கள், எவ்வளவு, எப்போது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். தனியாகப் போக முடியாத நிலை வரலாம், அதனால் இந்த அறிகுறிகளை வீட்டில் ஒருவருக்காவது முன்பே சொல்லிவிட்டுப் போங்கள்.