கேம்பரின் கைஜாக்கை மின்ஜாக்காக மாற்றும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் பிக்கப் வண்டி வாரம் முழுவதும் உர மூட்டையும் புல்வெட்டும் இயந்திரமும் ஏற்ற வேண்டியிருப்பதால், பிக்கப்பின் தட்டில் ஏற்றிப் பயணத்தில் தங்கும் கூடான கேம்பரை வைத்திருப்பவர் விடுமுறைக்கு முன்னும் பின்னும் அதை ஏற்றி இறக்கியே ஆக வேண்டும். நான்கு மூலை ஜாக்குகளையும் கைப்பிடியால் மாறி மாறிச் சுற்றுவது தோள்வலி உள்ளவர்களுக்குப் பெரும்பாடு. மழை பிடித்துக்கொண்டால் எவருக்குமே பெரும்பாடுதான். மின்ஜாக்குக்கு மாறுவது நல்ல முடிவு. ஆனால் மோட்டார் பொருத்துவது இதில் சிறு பகுதியே. ஜாக் முடுக்கப்படும் மூலைக்கட்டையின் உறுதியும் வயரின் தடிமனும்தான் இந்த மாற்றம் நிலைக்குமா என்பதைத் தீர்மானிக்கின்றன.

கேம்பர் வண்டியின் மேலேயே இருக்க, ஒவ்வொரு ஜாக்கின் காலையும் பாரமின்றி முழுமையாக இறக்கி ஏற்றிப் பாருங்கள். எங்கேனும் இறுகினாலோ கரகரவென்று ஒலித்தாலோ உள்ளே திருகு தேய்ந்திருக்கலாம், அல்லது குழாய் வளைந்திருக்கலாம். கையால் சுற்றும்போது இந்த இறுக்கம் உடனே உணரப்படும். மோட்டாரோ அதைப் பொருட்படுத்தாமல் தள்ளிக்கொண்டே போகும். ஆகவே பழைய காலின்மேல் மோட்டார் தலையை மட்டும் பொருத்தும் வழி, கால்கள் நான்கும் பழுதற்றிருந்தால் மட்டுமே பொருந்தும். இல்லையேல் காலோடு சேர்த்து மாற்றிவிடுவதே நல்லது. ஹேப்பிஜாக், ரியேக்கோ டைட்டன் போன்ற பெயர்களில் ஒன்றின் மோட்டார் மற்றொன்றின் காலில் உட்காரும் என்று எண்ணி வாங்க வேண்டாம். காலில் ஒட்டியுள்ள மாடல் எண்ணைப் பார்த்தே கேளுங்கள்.

தாங்குதிறனைத் தேர்ந்தெடுக்க உண்மையான எடை தெரிய வேண்டும். அருகிலுள்ள செம்பனை ஆலையில் அனுமதி கேட்டு, கேம்பரோடு ஒருமுறையும் கேம்பர் இல்லாமல் ஒருமுறையும் வண்டியை எடைமேடையில் நிறுத்தினால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடே கேம்பரின் எடை. தண்ணீர்த் தொட்டியை நிரப்பியே நிறுத்துங்கள், ஏனெனில் 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. அந்த எடையை நான்கால் வகுத்து நிறைவடைந்துவிடக் கூடாது. தரை சற்று மேடுபள்ளமாக இருந்தாலும் எதிரெதிர் மூலையிலுள்ள இரண்டு கால்களே பெரும்பாரத்தையும் சுமக்கும் என்பதால், ஒவ்வொரு ஜாக்கும் மொத்த எடையில் பாதியையாவது தாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது மூலைக்கட்டை. பல கேம்பர்களில் ஜாக்கின் பிராக்கெட், அலுமினியத் தகட்டுக்குப் பின்னாலுள்ள மரச்சட்டத்தில்தான் முடுக்கப்பட்டிருக்கும். திருகுத் துளை வழியாகக் கசியும் மழைநீர் ஆண்டுக்கணக்கில் அந்த மரத்தை உள்ளுக்குள்ளேயே உளுக்கச் செய்துவிடும். வெளித்தகடு மட்டும் பளபளவென்று இருக்கும். ஒரு திருகைக் கழற்றி, அதன் மரையில் ஒட்டி வரும் துகளை விரலால் நசுக்கிப் பாருங்கள். உலர்ந்த தூளாக வந்தால் நல்லது. கறுத்து, ஈரமாக, விரலில் அப்பிக்கொண்டால் அந்த மூலையைத் திறந்து கட்டையை மாற்றும்வரை மேற்கொண்டு எதுவும் செய்யாதீர்கள். திரும்ப முடுக்கும்போது பிராக்கெட்டின் பின்புறம் முழுவதும் பியூட்டைல் நாடா (நீர் புகாமல் தடுக்கும் ஒட்டுநாடா) ஒட்டி, ஒவ்வொரு திருகுக்கும் சீலண்ட் இடுங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பேராக்கில் பெய்யும் மாலை மழைக்கு முன் அரைகுறை வேலை எதுவும் நிற்காது.

கால்களை மாற்றும்போது கேம்பர் பிக்கப்பின் தட்டில் முழுமையாக அமர்ந்து, வண்டியோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். ஒரு மூலையை முடித்த பிறகே அடுத்த மூலையைத் தொடுங்கள்.

இனி வயர். 12 வோல்ட் அமைப்பில் மின்னோட்டம் மிகுதி, இழப்பும் மிகுதி. ஒரு மோட்டார் பாரத்தோடு 30 ஆம்பியர் இழுக்கிறது என்றும், போக வர மொத்தம் 10 மீட்டர் செம்பு வயர் என்றும் வைத்துக்கொண்டால், 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் ஏறக்குறைய 2 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 6 சதுர மில்லிமீட்டரில் அது 0.9 வோல்ட்டுக்கும் குறையும். வீட்டு மின்வயரில் மிச்சமானதை எடுத்து ஓட்டினால் மோட்டார் திணறும், வயரும் சுடும். உங்கள் மோட்டாரின் தகட்டில் உள்ள ஆம்பியரைக் கொண்டு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான்கும் ஒரே நேரத்தில் இயங்கினால் மொத்தம் 120 ஆம்பியர். 100 ஆம்பியருக்கு மேல் தராத லித்தியம் பேட்டரி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், கேம்பர் பாதி உயரத்தில் நின்றுவிடும். பேட்டரியிலிருந்து கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு வரும் தலைவயரை அதற்கேற்பத் தடிமனாகப் போட்டு, அதன் தாங்குதிறனை மீறாத பியூஸைப் பேட்டரியின் நேர்முனையை ஒட்டியே வையுங்கள்.

தடித்த வயரின் நுனியில் லக்கை (இணைப்புக்கான உலோக முனையை) அழுத்திப் பிணைக்கும் கருவி லோரிப் பட்டறைகளில் இருக்கும்; சுத்தியலால் தட்டி ஒப்பேற்றாமல் அங்கே கொடுத்துச் செய்யுங்கள். பிணைப்பின்மேல் உட்புறம் பசையுள்ள, சூட்டில் சுருங்கும் குழாயை மாட்டுங்கள். தகட்டைத் துளைத்து வயர் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். இணைப்பு முனை எவ்வுயரத்தில் இருந்தாலும் வயரைக் கீழ்நோக்கி வளைத்து மேலேற்றினால், வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

முதல் சோதனையில் ஒவ்வொரு மோட்டாரையும் தனித்தனியே இயக்கி, பொத்தானின் திசையும் காலின் திசையும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். மாறியிருந்தால் அந்த மோட்டாரின் இரு வயர்களை இடம் மாற்றினால் சரியாகிவிடும். பிறகு ஒவ்வொரு காலின் கீழும் அகலமான கனத்த பலகை வைத்து, முன்பக்கம் எப்போதும் பின்பக்கத்தைவிடச் சற்றே உயர்ந்திருக்குமாறு சிறிது சிறிதாகத் தூக்குங்கள். மழையில் ஊறிய செம்மண்ணில் பலகை இல்லாத கால் நொடியில் புதையும். ஜாக்கில் நிற்கும் கேம்பரின் அடியில் எவரும் நுழையக் கூடாது. மோட்டார் தொடர்ந்து ஓடிச் சூடேறினால் ஆறவிட்டுத் தொடருங்கள்.

கைப்பிடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பேட்டரி தீர்ந்த இடத்தில் கையால் சுற்றி இறக்கும் வசதியுள்ள மோட்டாரையே வாங்கி, அதற்குரிய கைப்பிடியை வெளியிலிருந்து எடுக்கக்கூடிய பெட்டியில் வையுங்கள். சில முறை பயன்படுத்திய பின் பிராக்கெட் திருகுகளை மீண்டும் முடுக்கி, தூக்கி முடித்த கையோடு மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு லக்குகளைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிற லக்கை வெட்டி எறிந்து புதிதாகப் பிணைக்க வேண்டும்.