கார் ஒயரிங்கில் அழியாத லேபிள்

மாஸ்கிங் டேப்பில் பேனாவால் எழுதிய லேபிள், பழைய ஹார்னஸை, அதாவது ஒயர்க் கட்டைக் கழற்றும் அந்த ஒரு வாரத்துக்குப் போதும். வண்டியிலேயே இருக்க வேண்டிய லேபிளுக்கு அது ஆகாது. எஞ்சின் பக்கச் சூட்டில் பசை இளகும், ஆயிலில் காகிதம் ஊறும். அதைவிடப் பெரிய காரணம் ஒயரின் மெலிவு. 0.75 சதுர மி.மீ. ஒயரின் (இது உள்ளே இருக்கும் செம்பின் குறுக்குப் பரப்பு) வெளிவிட்டம் 2 மி.மீ.கூட இருக்காது. அவ்வளவு இறுக்கமான வளைவில் ஒட்டிய ஸ்டிக்கர் நிமிரப் பார்க்கும், ஓரம் சீக்கிரமே கிளம்பிவிடும். அதனால் பசையை நம்பாமல் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை, அதாவது சூடு பட்டால் சுருங்கி ஒயரைப் பிடிக்கும் பிளாஸ்டிக் குழாயை நம்புங்கள்.

லேபிள் பிரிண்டர் இருந்தால் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவிலேயே அச்சடித்து நேரடியாக ஒயரில் மாட்டலாம். இல்லையென்றால் வெள்ளை வினைல் டேப்பில் பெர்மனன்ட் மார்க்கரால் எழுதி, மை நன்றாகக் காய்ந்த பிறகு ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, மேலே நிறமில்லாத ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். ஒட்டும் இடத்தை முதலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். கடை பில் போன்ற தெர்மல் காகித லேபிள் மட்டும் வேண்டவே வேண்டாம். ஹீட் கன் காற்று பட்ட நொடியே முழுக்கக் கறுத்துவிடும்.

ஸ்லீவ் அளவில்தான் பலர் தவறுகிறார்கள். 2:1 வகை, அதாவது பாதி விட்டமாகச் சுருங்கும் வகையில், 3.2 மி.மீ. ஸ்லீவ் 1.6 வரைதான் சுருங்கும். 0.75 முதல் 1.5 சதுர மி.மீ. வரை அது சரியாகப் பிடிக்கும். 0.5 ஒயரில் தளர்ந்து வழுக்கும், அதற்கு 2.4 எடுங்கள். 2.5 சதுர மி.மீ. ஒயரே கிட்டத்தட்ட 3 மி.மீ. தடிமன், டேப்பும் சுற்றினால் 3.2 ஏறாது, 4.8 வேண்டும்.

ஒயர் முனையில் வரும் உலோக டெர்மினலைக் கிரிம்ப் செய்வதற்கு (நசுக்கிப் பொருத்துவதற்கு) முன்பே ஸ்லீவை ஒயரில் கோத்துவிடுங்கள். மறந்துவிட்டால், டெர்மினலைத் தாண்டுகிற 3:1 ஸ்லீவ் தேட வேண்டும், அல்லது டெர்மினலை வெட்டிவிட்டு மறுபடி கிரிம்ப் செய்ய வேண்டும். ஒயர் நீளம் அளந்து வெட்டியதாக இருந்தால் அந்த ஒரு சென்டிமீட்டர்கூட இடிக்கும்.

லேபிள் கனெக்டரிலிருந்து 30–40 மி.மீ. தள்ளி, வளையாத இடத்தில் இருக்கட்டும். இருபது ஒயர் சேரும் இடத்தில் எல்லா ஸ்லீவும் ஒரே வரிசையில் நின்றால் கட்டு அங்கே புடைக்கும். கொஞ்சம் முன்பின்னாக வையுங்கள். எல்லா லேபிளும் கனெக்டர் பக்கத்திலிருந்து படிக்கிற மாதிரி ஒரே திசையில் இருக்கட்டும். சூட்டை நடுவில் தொடங்கி ஓரத்துக்குக் கொண்டுபோனால் உள்ளே காற்று சிக்காது. ஹீட் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தினால் ஒயரின் இன்சுலேஷனே இளகிவிடும். லைட்டரால் சுட்டால் புகைக்கரி படிந்து, தெளிவான ஸ்லீவும் படிக்க முடியாமல் போகும்.

எதை எழுதுவது? ‘ஃபேன்’, ‘லைட்’ என்று எழுதினால் ஒரே பெயரில் நாலு ஒயர் வந்து நிற்கும். டிஐஎன் 72552 என்ற, வண்டி மின் இணைப்புகளுக்கான ஜெர்மன் தர எண்களை முன்னால் வைத்து வரிசை எண் சேர்ப்பது நல்ல வழி. 30 பேட்டரி பாசிட்டிவ், 15 இக்னிஷன் போட்டால் வரும் சப்ளை, 31 எர்த், 58 பார்க்கிங் லைட், 87 ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) அவுட்புட். ‘15-07’ என்றால் இக்னிஷன் சப்ளையில் ஏழாவது ஒயர். அது கிளை பிரிந்தால் 15-07-1, 15-07-2. தனி எண் மட்டும் எழுதும் இடத்தில் 6, 9 இரண்டுக்கும் அடிக்கோடு போடுங்கள். 66 தலைகீழானால் 99.

இரு முனையிலும் ஒரே எண் வர வேண்டும். நோட்டில் எண், தொடக்கம், முடிவு, நிறம், சதுர மி.மீ., ஃபியூஸ் ஆம்பியர் ஆறையும் குறியுங்கள். இடையில் ஒரு ஒயரை மாற்றினால் அன்றைக்கே நோட்டையும் திருத்துங்கள். கட்டை டேப் சுற்றி மூடும் முன், மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் ஒலிக்கும் பீப் நிலையில் வைத்து ஒவ்வொரு எண்ணையும் முனைக்கு முனை பாருங்கள். தவறான எண் மாட்டியிருந்தால் இந்தக் கட்டத்தில் ஒரு ஸ்லீவை மட்டும் வெட்டினால் போதும்.