அக்னிவீராகக் கடற்படையில் சேருமுன் பணி நிபந்தனைகளைப் படிக்கும் முறை

இந்தியக் கடற்படையில் அக்னிவீராக, அதாவது அக்னிபத் திட்டத்தின்கீழ் 4 ஆண்டுகள் பணியாற்றும் மாலுமியாகச் சேர விரும்பும் இளைஞர்கள், உடற்தகுதித் தேர்வுக்காக ஓடிப் பழகுவதில் காட்டும் அக்கறையில் பாதியையாவது ஆட்சேர்ப்பு அறிவிக்கையைப் படிப்பதில் காட்ட வேண்டும்; பெற்றோரும் உடனமர்ந்து படிப்பது நல்லது.

முதலில் பணிக்காலத்தைப் பாருங்கள். 2022 ஜூனில் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்படும் வரை, மாலுமியாகச் சேர்பவர் ஓய்வூதியத் தகுதி பெறும் அளவுக்கு நீண்ட காலம் பணியாற்ற முடிந்தது. இப்போது பணிக்காலம் 4 ஆண்டுகள்; அதன்பின், ஒரே சமயத்தில் சேர்ந்த ஒவ்வொரு தொகுதியினரிலும் 25 சதவீதம் வரையிலானோரே நிரந்தரப் பணிக்குத் தேர்வாவார்கள், மற்றவர்களுக்கு ஓய்வூதியமோ பணிக்கொடையோ கிடையாது. எனவே, ஐந்தாம் ஆண்டில் என்ன செய்வது என்பதற்கு விண்ணப்பிக்கும்போதே ஒரு வழி யோசித்து வையுங்கள்.

அடுத்தது ஊதியம். பலர் ஏமாறுவது இங்கேதான். முதல் ஆண்டில் மாதம் 30,000 ரூபாய் என்றிருந்தாலும், 30 சதவீதம், பணி முடிவில் மொத்தமாகத் தரப்படும் சேவா நிதிக்குப் பிடிக்கப்படுவதால் கைக்கு வருவது 21,000 ரூபாய். நான்காம் ஆண்டில் 40,000 ரூபாயில் 28,000 ரூபாய். பிடித்த தொகைக்கு ஈடாக அரசும் செலுத்தி, வட்டியுடன் சேர்த்து முடிவில் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் கிடைக்கும். இடையில் சொந்த விருப்பத்தில் விலகுவதற்கு மிக அரிதாகவே அனுமதி உண்டு. அப்படி விலகினால் அரசின் பங்கு வராது. ஆகவே இந்த ஊதியத்தை நம்பி வீட்டுக் கடனையோ தங்கையின் படிப்புச் செலவையோ ஏற்பதாக இருந்தால், 21,000 ரூபாயை வைத்தே கணக்குப் போடுங்கள்.

சேரும்போது மணமாகாதவராக இருக்க வேண்டும். 4 ஆண்டுகளுக்குள் மணம் செய்துகொண்டால் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார்கள். விடுப்பு ஆண்டுக்கு 30 நாட்கள்.

உணவு, தங்குமிடம், மேலதிகாரிகள் நடத்தும் விதம் ஆகியவற்றை, பணியில் இருக்கும் அல்லது ஓய்வுபெற்ற மாலுமி ஒருவரிடம் தயங்காமல் கேளுங்கள். 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் தல்வார் தளத்து மாலுமிகள் உணவை மறுத்துக் கிளர்ந்தெழுந்ததற்கு மோசமான சாப்பாடும் அதிகாரிகளின் இழிசொற்களுமே உடனடிக் காரணங்கள். சில நாட்களில் அந்தக் கிளர்ச்சி பல கப்பல்களுக்கும் கராச்சிக்கும் பரவியது. ஆகவே உணவையும் நடத்தும் விதத்தையும் பற்றிக் கேட்டறிவது நாட்டுப்பற்றுக் குறைவு ஆகாது.

தொடக்க மருத்துவப் பரிசோதனையில் தேறியவுடன் கையிலிருக்கும் வேலையையோ கல்லூரி இடத்தையோ விட்டுவிடாதீர்கள். ஒடிசாவிலுள்ள ஐ.என்.எஸ். சில்கா பயிற்சித் தளத்தில் நடக்கும் இறுதி மருத்துவப் பரிசோதனையிலும் தேறினால்தான் சேர்க்கை உறுதியாகும்.