முதலில் கிரவுன் பினியன், அப்புறம்தான் ஃப்ளைவீல்

கார் வேகம் எடுக்கவில்லை என்றதும் எங்கள் கோவைப் பிள்ளைகள் பலர் எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலைக் கழற்றி, கடைந்து எடை குறைக்க லேத் பட்டறைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கணபதியிலும் சிங்காநல்லூரிலும் தெருவுக்குத் தெரு கடைசல் நடக்கும் ஊர் இது, கை துறுதுறுக்கத்தான் செய்யும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். திம்பம் மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் கரும்பு லாரிக்குப் பின்னால் நின்று கிளம்பும்போது எஞ்சின் மூன்று தடவை அணைந்தது, கிளட்ச் கருகி வாடை அடித்தது. இறக்கிக் கொண்டுவந்த வண்டியைப் பார்த்த மெக்கானிக் அண்ணன் சொன்னார்: "இழுவை பத்தலைன்னா மொதல்ல ஹவுசிங்கத்தானுங்க தம்பி பாக்கோணும்." ஹவுசிங் என்றால் பின் அச்சின் நடுவில் இருக்கும் கூடு. அதற்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனும், அது சுற்றும் பெரிய கிரவுன் வீலும் சேர்ந்ததுதான் கிரவுன் பினியன். கிரவுன் வீல் ஒரு சுற்றுப் போக பினியன் எத்தனை சுற்றுப் போகிறது என்பதே பின்விகிதம். முதலில் அது, அப்புறம் ஃப்ளைவீல் என்ற வரிசையில்தான் இங்கே எழுதுகிறேன். பின்சக்கரம் தள்ளும் மேனுவல் கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரம் இழுக்கும் கார்களில் இந்த விகிதம் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கும். அதை மாற்ற கியர்பாக்ஸையே பிரிக்க வேண்டும்.

படி 1: இப்போது என்ன விகிதம் இருக்கிறது?

சமதரையில் முன்சக்கரங்களுக்குக் கட்டை போடுங்கள். ஒரு பின்சக்கரம் தரையில் இருக்கட்டும், மற்றதை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது. கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் விட்டிருக்க வேண்டும். டயரிலும், கியர்பாக்ஸிலிருந்து பினியனுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டிலும் சாக்பீஸ் கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். சாதாரண டிஃபரன்ஷியலில் (இரண்டு பின்சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் அமைப்பு), ஒரு சக்கரம் நின்று மற்றது இரண்டு சுற்றுப் போனால் கிரவுன் வீல் ஒரு சுற்றுப் போகும். அதற்குள் ஷாஃப்ட் நாலு சுற்றும் கொஞ்சமும் போனால் விகிதம் சுமார் 4.1.

படி 2: வண்டி எங்கே ஓடப்போகிறது?

இங்கே அவசரப்படாதீர்கள். உதாரணத்துக்கு 185/60 R14 டயர். ஒரு சுற்றுக்கு சுமார் 1.81 மீட்டர் போகும். இரண்டாம் கியர் 2.0, ஐந்தாம் கியர் 0.85 என்று வைத்துக்கொள்வோம். கிரவுன் பினியனை 4.1-இலிருந்து 4.5 ஆக்கினால் என்ன நடக்கும்?

திம்பத்தின் 27 வளைவுகளில் ஒன்றில் இரண்டாம் கியரில் 30 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 2,260 சுற்றில் இருந்தது, இனி 2,480-இல் இருக்கும். சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசையும் 10 சதவீதம் கூடும். வளைவு முடிந்ததும் வண்டி கிளம்புவதில் இது நன்றாகவே தெரியும். ஆனால் அதே இரண்டாம் கியர் 6,000 சுற்றில் 80-க்குப் பதில் 73 கிலோமீட்டரிலேயே முடிந்துவிடும். சேலம் நெடுஞ்சாலையில் ஐந்தாம் கியரில் 100-இல் போகும்போது 3,200 சுற்று 3,500 ஆகும். சத்தமும் பெட்ரோல் செலவும் கூடும்.

செட்டிபாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற தடத்தில் ஓட்டுவதாக இருந்தால் கணக்கு வேறு. நேர் ஓட்டம் முடிந்து பிரேக் மிதிக்கும் இடத்தில் எஞ்சின் சிவப்புக் கோட்டுக்கு (அது தாண்டக் கூடாத உச்ச சுற்று) சற்று முன்னால் இருக்க வேண்டும். அதற்கு வெகு முன்பே கோட்டைத் தொட்டால் விகிதம் அதிகம். பக்கத்திலேயே வரவில்லை என்றால் குறைவு. மலைக்கும் நெடுஞ்சாலைக்கும் ஒரே வண்டி என்றால் கிடைக்கும் அடுத்த விகிதத்துக்கு மட்டும் மாற்றுங்கள். அதற்கு மேல் போனால் தினசரி ஓட்டம் சலித்துவிடும்.

படி 3: இப்போது ஃப்ளைவீல்

தோட்டத்துக் கிணற்றுமேட்டு ஆயில் எஞ்சினை ஹேண்டில் போட்டுச் சுற்றியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்தப் பெரிய சக்கரம்தான் ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் நடுவே எஞ்சினை நிற்காமல் கொண்டுபோகிறது. காரிலும் அதே வேலைதான்.

எடையைவிட அது எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். மையத்திலிருந்து 12.5 செ.மீ. தள்ளி 2 கிலோ குறைத்தால், முதல் கியர் 3.5, பின்விகிதம் 4.1 உள்ள வண்டியில் கிளம்பும்போது சுமார் 77 கிலோ பாரம் இறங்கியதற்குச் சமம். நாலாம் கியரில் (1.0) அதே 2 கிலோ வெறும் 6 கிலோவுக்குத்தான் சமம். மையத்துக்கு அருகே 6 செ.மீ. தூரத்தில் குறைத்தால் பலன் கால்வாசிகூட வராது.

இந்தக் கணக்கில் மொத்த விகிதத்தை அதே விகிதத்தால் இன்னொரு முறை பெருக்க வேண்டும். அதனால் 4.5 போட்டதும் அதே ஃப்ளைவீல் எல்லாக் கியரிலும் சுமார் 20 சதவீதம் கூடுதலாகக் கனக்கும். கிரவுன் பினியனை முடிவு செய்யாமல் ஃப்ளைவீலைக் கடையக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

மலையேறும், ஆள் ஏற்றும் வண்டிக்கு ஃப்ளைவீலைத் தொடாமல் விடுவதே என் கட்சி. எடை குறைந்தால் கிளட்ச் சூட்டை வாங்கிக்கொள்ளும் இரும்பும் குறைகிறது, வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் ஐடிலிங்கும் நடுங்கும். தடத்துக்கு மட்டும் என்றால் குறைக்கலாம். ஆனால் வார்ப்பிரும்பை மெலிதாகக் கடைந்து வேகமாகச் சுற்றவிட்டால் அது வெடிக்கும். துண்டுகள் ஃப்ளைவீலை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கைக் கிழித்துக்கொண்டு ஓட்டுபவரின் காலடிக்கே வரும். பந்தய வண்டிக்கு ஸ்டீலில் செய்த ஃப்ளைவீலை வாங்குங்கள். இரண்டு தட்டுகளுக்கு நடுவே ஸ்பிரிங் வைத்த இரட்டை அடுக்கு ஃப்ளைவீல் என்றால் லேத்தில் ஏற்றவே கூடாது.

எதை மாட்டினாலும் கிளட்ச் தட்டை அதன்மேல் அழுத்தும் பிரஷர் பிளேட்டோடு சேர்த்து பேலன்சிங் செய்து, இரண்டிலும் குறி போட்டு, அதே குறியில் பூட்டச் சொல்லுங்கள். புது கிரவுன் பினியனுக்கு பேக்லாஷ் (பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலான சின்ன இடைவெளி) வைத்து, பல்லில் நீலச்சாயம் தடவிப் பதிவு பார்க்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பதிவு பல்லின் நடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் ஷிம் எனும் மெல்லிய தகடு மாற்றி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள், நேரம் ஆனாலும் பரவாயில்லை.

மீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வரும் வண்டியில், 4.5 போட்ட பிறகு வேகம் 10 சதவீதம் கூடுதலாகக் காட்டும். முதல் ஓட்டத்திலேயே பக்கத்தில் இருப்பவரை ஃபோன் ஜிபிஎஸ் பார்க்கச் சொல்லி ஒப்பிட்டு, கேபிளின் சின்னப் பல்சக்கரத்தையும் மாற்றிவிடுங்கள்.